சிவப்பு விரிப்பில் வைத்துப் படம் போடும் டிராகன் டெக்கை வாங்காதீர்கள்

மலேசியாவில் சுங்கை சிப்புட், கோலகங்சார், ஈப்போ பக்கம் மேஜிக் கார்டு (மேஜிக்: தி கேதரிங் என்ற சீட்டாட்டம்) விளையாடுகிறவர்கள் கவனத்துக்கு. கார்டு வாங்கி விற்கும் குழுக்களில் "முழு டிராகன் கமாண்டர் டெக், எல்லாமே ஒரிஜினல், 750 வெள்ளி" என்று ஒரு விளம்பரம் சுற்றிக்கொண்டிருக்கிறது. டெக் என்றால் ஒருவர் விளையாட வைத்திருக்கும் கார்டுக் கட்டு, கமாண்டர் என்பது இந்த ஆட்டத்தில் ஒரு வகை. கறுப்பு ஸ்லீவ் (பிளாஸ்டிக் உறை) போட்ட கார்டுகளைச் சிவப்பு மேசை விரிப்பில் பரப்பிப் படம் எடுத்திருப்பார்கள். விரிப்பின் ஓரத்தில் சிகரெட் சுட்ட ஓட்டை ஒன்று தெரியும். அந்த ஆளிடம் எதையும் வாங்காதீர்கள். என் அக்கா மகனின் காசு அங்கேதான் போனது.

பையன் மூன்றாம் படிவம் படிக்கிறான். அவன் அப்பா செம்பனைத் தோட்டத்தில் குலை வெட்டுகிறார். தீபாவளி அங்பாவ், விடுமுறையில் கார் கழுவும் இடத்தில் கிடைத்த கூலி எல்லாம் சேர்த்து வைத்திருந்தான். "மாமா, நீங்க பேசி வாங்கிக் கொடுங்க" என்று காசை என்னிடம் கொடுத்தான்.

ஏன் டிராகன் டெக் என்று இந்த ஆட்டம் தெரியாதவர்கள் கேட்கலாம். கமாண்டர் ஆட்டத்தில் 100 கார்டு, அதில் தனியாக வைக்கும் தலைவர் கார்டுதான் கமாண்டர். அடிப்படை நிலங்களை (மனா என்ற சக்தியைத் தரும் கார்டுகள்) தவிர ஒரு கார்டு ஒரு தடவைதான் வரலாம். ஆளுக்கு 40 உயிர். இந்த ஆட்டமே டிராகனை வைத்துப் பிறந்ததுதான். 1994-இல் வந்த லெஜண்ட்ஸ் தொகுப்பில் இருந்த ஐந்து மூத்த டிராகன்களை வைத்துத்தான் இதற்கு முதலில் எல்டர் டிராகன் ஹைலேண்டர் என்று பெயர். பையன் கமாண்டராகக் கேட்ட உர்-டிராகன் கார்டு 2017-இல் வந்தது. அதை இறக்க ஒன்பது மனா வேண்டும். ஆனால் இறங்காமல் கமாண்டர் இடத்தில் உட்கார்ந்திருந்தாலே போதும், மற்ற டிராகன் ஒவ்வொன்றுக்கும் ஒரு மனா குறைந்துவிடும். இறங்கிவிட்டால் 10/10 (அடிக்கும் பலமும் தாங்கும் பலமும் பத்து), பறக்கவும் செய்யும். எத்தனை டிராகன் தாக்குகிறதோ அத்தனை கார்டு எடுத்துக்கொள்ளலாம், கையிலிருக்கும் ஒரு பெர்மனன்ட்டை (மேசையிலேயே நிற்கும் வகைக் கார்டு) மனா கொடுக்காமல் மேசையில் வைக்கலாம். பக்கத்தில் உத்வாரா ஹெல்கைட் என்ற டிராகன் கார்டு இருந்தால், தாக்கும் டிராகன் ஒவ்வொன்றுக்கும் ஒரு 6/6 டிராகன் டோக்கன் (டெக்கில் இல்லாமல் கூடுதலாக வரும் டிராகன்) வேறு வரும். ஜெயித்தே ஆக வேண்டும் என்பவர்கள் இந்த டெக்கைத் தேடிப் போக மாட்டார்கள். முதல் சில ரவுண்டு நிலம் மட்டும் வைத்துக்கொண்டு அடி வாங்க வேண்டியிருக்கும். அதைத் தாண்டி மேசை முழுக்க டிராகன் நிற்கும்போது வரும் சந்தோஷம் தனி. பையனுக்கு அதுதான் வேண்டும். எனக்கும் அது பிடிக்கும்.

விற்றவரிடம் பேசினேன். "அண்ணே, எல்லாம் ஒரிஜினல், நானே விளையாடின டெக்" என்றார். கேட்டதும் வீடியோ அனுப்பினார். ஈப்போவில் நேரில் சந்திக்கலாமா என்றால் வேலை இருக்கிறது என்றார். இணையக் கடை வழியாக அனுப்பச் சொன்னால், கமிஷன் போகும், நேராகக் கணக்கில் போட்டால் 50 வெள்ளி குறைக்கிறேன் என்றார். அந்த 50 வெள்ளிதான் தூண்டில். கடை வழியாகப் போயிருந்தால் பொருள் கையில் வந்து, சரி என்று நாம் சொல்லும்வரை காசு அவருக்குப் போயிருக்காது. நேராகக் கணக்கில் போட்ட காசை அன்றைக்கே எடுத்துவிடலாம்.

இன்னொரு நிபந்தனையும் போட்டார். ஸ்லீவிலிருந்து கார்டை வெளியே எடுத்தால் திரும்ப வாங்க மாட்டாராம். கார்டில் கைரேகை பட்டால் விலை குறையும் என்று காரணம் சொன்னார். கேட்கும்போது நியாயமாகத்தான் இருந்தது. உண்மையில், பின்பக்கம் கறுப்பான ஸ்லீவுக்குள் இருந்தால் கார்டின் முதுகு தெரியாது, தாளின் தடிமனும் கைக்குத் தெரியாது. போலியைக் காட்டிக்கொடுக்கும் இரண்டு இடமும் மூடிக்கிடக்கும்.

டெக் வந்தது. பையன் பாலாய் ராயாவில் (ஊர்ப் பொது மண்டபத்தில்) கூட்டாளிகளோடு விளையாடிக்கொண்டிருந்தான். ஒருநாள் ஈப்போவில் ஒரு கார்டு கடையில் நடந்த போட்டிக்கு எடுத்துப் போனோம். கடைக்கார அங்கிள் உர்-டிராகனை ஸ்லீவிலிருந்து உருவி, கட்டை விரலால் ஒரு தடவு தடவினார். பேசாமல் மேசை விளக்கை அருகில் இழுத்துக்கொண்டு உருப்பெருக்கிக் கண்ணாடியை எடுத்தார். அப்புறம் எங்களையும் பார்க்கச் சொன்னார்.

மேஜிக் கார்டின் முதுகில் ஐந்து நிற வட்டங்கள் உண்டு. பச்சை வட்டத்தைப் பெரிதாக்கிப் பார்த்தால், அசல் கார்டில் சின்னச் சின்னச் சிவப்புப் புள்ளிகள் ஆங்கில L எழுத்து வடிவில் தெளிவாக நிற்கும். எங்கள் கார்டில் பச்சை நடுவே சிவப்பு எங்கே பார்த்தாலும் தூவிக் கிடந்தது. முன்பக்க எழுத்திலும் வித்தியாசம் தெரிந்தது. அசலில் கறுப்பு எழுத்து தனியாக அச்சாகும், பெரிதாக்கினாலும் கரை கூர்மையாக இருக்கும். எங்கள் கார்டில் எழுத்தின் கரையெல்லாம் நிறப்புள்ளிகளாகக் கலைந்திருந்தது. 2014-க்குப் பிறகு வரும் அரிய கார்டுகளில் கீழே நடுவில் முட்டை வடிவ ஹோலோகிராம் இருக்கும், சாய்த்தால் மின்னும். எங்கள் கார்டில் அந்த இடம் வெறும் சாம்பல் பூச்சு.

போட்டியில் அந்த டெக்கை விளையாட விடவில்லை. அது சரியான முடிவு, அங்கிள் மேல் எந்தக் குறையும் இல்லை. பையன் டெக்கைப் பெட்டிக்குள் வைத்துவிட்டு, கடை மூடும்வரை மற்றவர்கள் விளையாடுவதைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

ஊருக்கு வந்ததும் நகைக்கடை ஆசாரியிடம் லூப் (சின்ன உருப்பெருக்கி) கேட்டு வாங்கி, 100 கார்டையும் உருவிப் பார்த்தோம். இந்த ஆளின் தந்திரம் அப்போதுதான் முழுசாகப் புரிந்தது. டெக் முழுக்கப் போலி இல்லை. மலை, காடு, தீவு என்று நிலங்கள் அசல். சில சென்னுக்குக் கிடைக்கும் சில்லறை டிராகன்களும் அசல். விலை போகும் டிராகன்களும் இரண்டு நிற மனா தரும் விலையுயர்ந்த நிலங்களும் மட்டும் போலி. மேலே இருந்து நாலு கார்டை எடுத்துச் சோதித்தால் நாலும் தேறிவிடும். அதனால் சோதிப்பதென்றால் டெக்கிலேயே விலை அதிகமான கார்டைக் கேட்டு வாங்கிச் சோதியுங்கள். கைப்பேசி விளக்கைப் பின்னால் வைத்து, நிச்சயம் அசல் என்று தெரிந்த ஒரு மலிவான கார்டோடு பக்கத்தில் ஒப்பிடுங்கள். தாளுக்குள் இருக்கும் அடுக்கு வேறாக இருந்தால் ஒளி வேறு மாதிரி வரும். மடக்கிப் பார்க்கும் சோதனை வேண்டாம், அசலாக இருந்தால் கார்டு கெட்டுப்போகும்.

பிராக்ஸி (அசலுக்குப் பதிலாக வைக்கும் நகல் கார்டு) வைத்து விளையாடுவதை நான் எதிர்க்கவில்லை. கூட்டாளிகளுக்குள் பிரிண்ட் எடுத்து, இது பிராக்ஸி என்று சொல்லி விளையாடினால் யாருக்கும் நஷ்டமில்லை. அசல் என்று சொல்லி 700 வெள்ளி வாங்குவது வேறு. அது திருட்டு.

விற்றவரிடம் கேட்டபோது முதலில் "வாய்ப்பே இல்லண்ணே" என்றார். படங்களை அனுப்பினேன். நீங்களே கார்டை மாற்றிவிட்டு என் மேல் பழி போடுகிறீர்கள் என்றார். அதற்குமேல் பதில் இல்லை, என் எண்ணையும் தடுத்துவிட்டார். அடுத்த வாரமே வேறு பெயரில் அதே விரிப்பு, அதே ஓட்டை, அதே விலை.

போலீசில் புகார் கொடுத்திருக்கிறோம். காசு இன்னும் வரவில்லை. பயனீட்டாளர் நடுவர் மன்றத்தில் 5 வெள்ளி கட்டி 50,000 வெள்ளி வரை கோரலாம். ஆனால் விற்றவரின் பெயரும் முகவரியும் வேண்டும். பார்சலில் இருந்த முகவரிக்குப் போய்ப் பார்த்தால் அங்கே ஒரு துணி துவைக்கும் கடை. ஆகவே காசு போடுவதற்கு முன்பே வங்கிக் கணக்கு எண்ணைப் போலீசின் செமாக் மியூல் (மோசடிக் கணக்குகளைத் தேடிப் பார்க்கும் இணையப் பக்கம்) பக்கத்தில் தட்டிப் பாருங்கள். அதில் பெயர் இல்லை என்பதால் ஆள் யோக்கியர் என்று ஆகிவிடாது, இருந்தால் அத்தோடு விட்டுவிடலாம். ஏற்கனவே காசு போட்டுவிட்டு ஏமாந்தது தெரிந்தால் அந்த நிமிஷமே மோசடிப் புகார்களுக்கான அரசாங்க எண் 997-க்கு அழையுங்கள், கணக்கில் காசு மிச்சம் இருக்கும்போதுதான் அவர்களால் தடுக்க முடியும். பார்சல் உறை, அதில் ஒட்டிய சீட்டு, பேசிய மெசேஜ் எதையும் தூக்கிப் போடாதீர்கள்.

அந்த ஆள் இப்போது 2025-இல் வந்த டார்கிர் தொகுப்பின் டிராகன் கார்டுகளையும் அதே விரிப்பில் பரப்பிப் படம் போட ஆரம்பித்திருக்கிறார். அவரிடம் வாங்கியவர்கள் யாராவது இருந்தால் எனக்கு எழுதுங்கள். புகார்களைச் சேர்த்து ஒன்றாகக் கொடுக்கலாம்.