டிரிக் ரூமா, டெயில்விண்டா? கேஎல் பஸ் ஏறும் முன் ஒரு கணக்கு

அடுத்த மாதம் கேஎல்லில் (கோலாலம்பூர்) போக்கிமோன் ஸ்கார்லெட்/வயலெட் வீடியோ கேம் போட்டி. சித்தப்பா மகன் சனிக்கிழமைதோறும் பட்டர்வொர்த்திலிருந்து பெர்ரி ஏறிப் பினாங்குக்கு வந்துவிடுகிறான். லிட்டில் இந்தியா பக்கத்தில் ஒரு மாமாக் கடை, இரண்டு தே தாரேக், இரண்டு ஸ்விட்ச். வாக்குவாதம் மட்டும் மாறுவதே இல்லை: அணியை டிரிக் ரூமை நம்பிக் கட்டுவதா, டெயில்விண்டை நம்பியா?

ஆறு போக்கிமோன் கொண்டுபோய் நாலை இறக்கும் இரட்டையர் ஆட்டம் இது. யார் முந்தி அடிக்கிறார் என்பதில்தான் பாதி உயிர். டெயில்விண்ட் நம் பக்கத்து வேகத்தை இரட்டிப்பாக்கும். டிரிக் ரூம் வரிசையையே கவிழ்த்துவிடும், ஆமைதான் முதலில் ஓடும்.

டிரிக் ரூமுக்கு ஆயுள் 5 டர்ன், அதாவது சுற்று; டெயில்விண்டுக்கு 4. தம்பி இந்த ஒன்றுக்காகவே டிரிக் ரூம் பக்கம் சாய்ந்தவன். மேசையில் ஐந்து பல்குச்சி அடுக்கி, டர்னுக்கு ஒன்றாக ஒடித்துக் காட்டினேன். டிரிக் ரூம் அந்த டர்னில் எல்லாரும் அடித்து முடித்த பிறகுதான் விழும். அதற்குள் முதல் குச்சி காலி.

"என்னண்ணே, அஞ்சுன்னீங்க, கையில நாலுதான் இருக்கு!"

விம்சிகாட் என்ற போக்கிமோனின் பிராங்ஸ்டர் திறனோ டெயில்விண்டை முந்தியே போடவைக்கும். பக்கத்தில் நிற்பவனுக்கு அதே டர்னிலேயே வேகம் ஏறிவிடும். ஆக இரண்டிலும் கைக்கு வருவது நாலுதான்.

போட்டு முடிப்பதில் யாருக்குச் சிரமம்? விம்சிகாட்டைவிட இன்சினரோர் என்ற போக்கிமோனின் ஃபேக் அவுட் அடி முந்தும், வாங்கியவன் அந்த டர்ன் விறைத்து நிற்பான். கோவர்ட் கிளோக் என்ற பொருளை மாட்டினால் தப்பலாம். ஆனால் விம்சிகாட்டுக்கு உடம்பு பஞ்சு, ஒரே அடியில் சாயாமல் காக்கும் ஃபோகஸ் சாஷை அப்போது கழற்ற வேண்டும். இந்த இடத்தில் டிரிக் ரூமுக்கே என் ஓட்டு. டிரிக் ரூம் போடும் ஃபாரிகிராஃபின் ஆர்மர் டெயில் திறன், முன்னுரிமையோடு வரும் அடி எதையும் தன் மீதும் கூட்டாளி மீதும் விழவிடாது. ஃபேக் அவுட் செல்லாது; பிராங்ஸ்டர்காரன் வீசும் டாண்ட்டும் (டிரிக் ரூம் போன்றவற்றைப் போடவிடாத சீண்டல்) செல்லாது. சாதாரண டாண்ட் ஒன்றுதான் பயம், அதைப் போக்க மென்டல் ஹெர்ப் என்ற மூலிகை இருக்கிறது.

டிரிக் ரூம் விழுந்துவிட்டால் மெதுவான ஆமை டார்கோல், எரப்ஷன் என்ற நெருப்படி போடும். உயிர் முழுசாக இருந்தால் பலம் 150, வெயில் சேர்ந்தால் ஒன்றரை மடங்கு. எதிரே இரண்டும் கருகும்.

ஆனால் தயாரிப்புச் செலவை யாரும் சொல்வதில்லை. டெயில்விண்ட் அணிக்குக் காசு போதும்: வேகப் பயிற்சிப் புள்ளியை 252 வரை ஏற்ற, ஆட்டத்துக் காசில் 10,000 விலையுள்ள மருந்து 26 பாட்டில், பிறவிக்குணத்தை உச்சமாக்கும் பாட்டில் கேப், சுபாவத்தின் பலனை மாற்றும் மிண்ட். ஒரு ராத்திரி வேலை. டிரிக் ரூமுக்கோ பிறவியிலேயே சோம்பேறி வேண்டும். பயிற்சி ஏற்றத்தான் செய்யும், இறக்காது. மிண்ட் கொடுத்தும் தம்பியின் டார்கோல் வேகம் 36க்குக் கீழே இறங்கவில்லை. ஐந்து நட்சத்திர ரெய்டில் (கூட்டுச் சண்டையில்) பிடித்தது, அதன் வேகப் பிறவிக்குணம் உச்சத்தில் இருந்திருக்கிறது. போன வாரப் பயிற்சியில் எதிராளியின் டார்கோல் 22. இவன் போட்ட டிரிக் ரூமில் அவன் எரப்ஷன் முந்திக்கொண்டது. அடி வாங்கி உயிர் குறைந்ததும் இவன் எரப்ஷன் ஊதுபத்தி ஆகிவிட்டது.

வேகத்துக்கு மூன்றாவது வழியாக மழை அணியும் இருக்கிறது, பெலிப்பர் என்ற போக்கிமோன் வந்ததும் தூறும். எதிராளி வேறு வானிலையோடு வந்தால் கதை முடிந்தது. முதல் போட்டிக்கு வேண்டாம்.

என்னைக் கேட்டால் முதல் தடவை போகிறவனுக்கு டெயில்விண்ட். அணித்தாளை முன்கூட்டியே காட்டி மூன்றில் இரண்டு ஜெயிக்கச் சொல்லும் ஆட்டத்தில், இரண்டாவது ஆட்டத்துக்குள் எதிராளி நாலு டர்னை புரொடெக்ட் என்ற தடுப்பிலும் ஆள்மாற்றலிலும் கரைக்கக் கற்றுக்கொள்வான். டிரிக் ரூம் கரைந்ததும் நம் மெதுவான கூட்டம் நடுத்தெருவில் நிற்கும். டெயில்விண்ட் ஓய்ந்தாலும் வேகமானவன் வேகமானவன்தான். ஒரு டர்னுக்கு 45 விநாடி, இத்தனையும் அதற்குள் யோசிக்க வேண்டும்.

தம்பி கேட்டால்தானே. இன்றைக்குப் பெர்ரியில் வரும்போதே டார்கோல் முட்டை பொரித்துக்கொண்டு வந்திருக்கிறான். இறங்கியதும் ஸ்விட்சை என் முகத்துக்கு நேரே நீட்டினான். வேகத்துக்கு எதிரே 'நோ குட்' என்றிருந்தது. அதைப் பார்த்து ஒருத்தன் இப்படிக் குதித்து நான் கண்டதில்லை.