மிரியாம், அபிகாயில், அன்னாள்: மகளுக்கு நாங்கள் தேர்ந்த பெயர்

எங்கள் மகளுக்கு எபிரெயப் பெயர் சூட்டுவதென்று முடிவானபின் மிரியாம், அபிகாயில், அன்னாள் ஆகிய மூன்றும் கடைசிவரை போட்டியில் நின்றன. மூவருமே யூதர்களின் மறைநூல் விளக்கத் தொகுப்பாகிய தால்மூத் எண்ணும் ஏழு தீர்க்கதரிசினிகளுள் இடம்பெறுபவர்கள் என்பதால், பெருமையில் ஒருவரும் குறைந்தவரல்லர். ஓசை நயமும் எழுதும் எளிமையும் அவரவர் விருப்பம். எனக்கு முதன்மையாகப் பட்டது ஒன்றே: பெயரின் பொருள் ஐயமின்றித் தெரிய வேண்டும், அப்பொருள் அப்பெண்ணின் வேதாகம வரலாற்றோடும் பொருந்தி நிற்க வேண்டும். பிள்ளை நாளை தன் பெயரின் பொருளைக் கேட்டால், விடையோடு கதையையும் சேர்த்துச் சொல்ல முடிய வேண்டுமல்லவா?

மிரியாம் வரலாற்றில் மிக உயர்ந்தவள். செங்கடலைக் கடந்தபின் தம்புரு என்னும் கைப்பறையை எடுத்துப் பெண்களை முன்நடத்தியவள். மோசே, ஆரோனோடு அவளையும் கடவுள் அனுப்பியதாக மீகா 6:4 கூறுகிறது. மரியாள் என்ற பெயரும் இதிலிருந்து வந்ததே. ஆனால் இதன் பொருளில் அறிஞர்கள் ஒத்துப்போவதில்லை. கசப்பு என்பர் சிலர், கலகம் என்பர் சிலர். எகிப்திய மொழியில் 'அன்புக்குரியவள்' என்பதோடு தொடர்புபடுத்துவோரும் உண்டு. எபிரெய மொழியை அகராதிகளின் துணையோடு மட்டுமே அணுகும் நான் இவற்றுள் ஒன்றைத் தேர்ந்து மகளிடம் உறுதியாகச் சொல்வது முறையாகாது.

அபிகாயில் என்ற பெயரில் தந்தையும் மகிழ்ச்சியும் இணைகின்றன. 'தந்தையின் மகிழ்ச்சி' என்பது பரவலான விளக்கம். கோபத்தோடு வந்த தாவீதை விவேகமான பேச்சால் தடுத்த அவளை நான் மிகவும் மதிக்கிறேன். எனினும் 1 சாமுவேல் 25ஆம் அதிகாரத்தில் அவளுடைய தந்தை யாரென்ற குறிப்பே இல்லை; அங்கே பொருள் விளக்கப்படுவது அவளுடைய பெயரன்று, 'மூடன்' என்று பொருள்படும் அவள் கணவன் நாபாலின் பெயர்.

அன்னாளிடம் வந்தபோதுதான் நான் தேடிய இரண்டும் ஒன்றாய்க் கிடைத்தன. 'கிருபை', 'தயவு' என்னும் பொருள் தரும் வேரிலிருந்து வந்த பெயர் இது என்பதில் கருத்து வேறுபாடு இல்லை. யோவான் என்ற பெயருக்கும் அதே வேர்தான். எல்க்கானாவின் மனைவியாகிய அன்னாள், பிள்ளையில்லாத வேதனையும் அவனுடைய மற்றொரு மனைவி பெனின்னாளின் சீண்டலும் தாங்காமல் சீலோவில் ஆண்டவர் சந்நிதியில் மனங்கசந்து அழுகிறாள். உதடுகள் மட்டும் அசைந்து குரல் கேளாததால், ஆசாரியனாகிய ஏலி அவளைக் குடிவெறியில் இருப்பவளாக எண்ணுகிறான். அவள் பணிவோடு தன் நிலையை விளக்கியதும் அவன் ஆசி கூற, உம்முடைய கண்களில் உம் அடியாளுக்குத் தயை கிடைக்கட்டும் என்று அவள் விடையளிக்கிறாள். எபிரெய மூலத்தில் இங்கே 'தயை'யைக் குறிக்கும் சொல், அவளுடைய பெயரின் வேரிலிருந்தே பிறந்தது. தன் பெயரையே அவள் மன்றாட்டாகச் சொல்வதுபோல் அமைந்த அந்த வசனம்தான் என் முடிவை உறுதிப்படுத்தியது.

அந்த மௌன மன்றாட்டிலிருந்தே ஜெபத்திற்கான விதிகளை யூத ரபீக்கள் வகுத்தனர். யூதப் புத்தாண்டின் முதல் நாளில் அவளுடைய வரலாறு ஜெப ஆலயங்களில் வாசிக்கப்படுகிறது. அம்மன்றாட்டின் பயனாய்ப் பிறந்த மகன் சாமுவேலை ஆண்டவருக்கென்று ஒப்படைத்தபின் அவள் பாடிய பாட்டின் எதிரொலி, லூக்கா முதல் அதிகாரத்தில் மரியாளின் பாட்டில் தெளிவாகக் கேட்கிறது.

அன்னாள் என்பதா, ஹன்னா என்பதா என்பது தனிக் கேள்வி. எபிரெய ஒலிக்குப் பிந்தியதே நெருக்கம். ஆயினும் தமிழ் வேதாகமத்தில் மகள் தானே வாசிக்கப்போகும் வடிவம் அன்னாள் என்பதால் அதையே பதிவு செய்தோம். பழைய காலத்துப் பெயர் என்று அவளுடைய வயதுப் பிள்ளைகள் கருதுவார்களா என்பதை, அவள் இன்னும் சிறு குழந்தையாக இருக்கும் இந்நிலையில் நான் கணித்துச் சொல்ல இயலாது.