ஒரே 'வேண்டும்' போதாது: காட்பாடி ஏஐ வகுப்பு

சர்வதேச உறவுகள் படிப்பவர்களுக்கும் அந்தத் துறையில் வேலை பார்ப்பவர்களுக்கும் ஏஐ சொல்லித்தரும் வகுப்பு இது. காட்பாடி ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு மாடியில் நடக்கிறது. ஆறு ஞாயிறு, 3,500 ரூபாய். நான் ராணிப்பேட்டையில் தோல் ஏற்றுமதி கம்பெனியில் டாக்குமென்டேஷன் பார்க்கிறேன், தபாலில் எம்.ஏ. அரசியல் அறிவியல் படிக்கிறேன். முத்துக்கடையில் பஸ் பிடித்து ஒரு வாரம்கூட விடாமல் போனேன்.

மூன்றாவது வாரம் ஒன்றுக்கே கொடுத்த காசு தகும். 2015 பாரிஸ் பருவநிலை ஒப்பந்தத்தின் 4-ஆவது பிரிவை ஏஐயிடம் கொடுத்துத் தமிழில் சுருக்கச் சொன்னார் சார். நல்ல தமிழில்தான் வந்தது. எல்லா வரியும் 'வேண்டும்' என்று முடிந்தது. "இப்ப இங்கிலீஷ் மூலத்தை எடுங்க. 'ஷல்' எங்க, 'ஷுட்' எங்கன்னு பென்சில்ல வட்டம் போடுங்க" என்றார்.

போட்டோம். ஷல் என்றால் கட்டாயம். ஷுட் அந்த அளவுக்குக் கட்டிப்போடாது. வளர்ந்த நாடுகள் உமிழ்வைக் குறைப்பதில் முன்னே நிற்பதைச் சொல்லும் 4.4-இல் இருப்பது ஷுட். கடைசி வரைவில் அங்கே ஷல் என்று இருந்தது, அமெரிக்கா ஒத்துக்கொள்ளவில்லை. டிசம்பர் 12 அன்று அந்த ஒரு சொல்லை மாற்றிய பிறகுதான் ஒப்பந்தம் நிறைவேறியது. அத்தனை நாடுகளைக் காக்கவைத்த வித்தியாசம் எங்கள் சுருக்கத்தில் இல்லவே இல்லை.

எனக்குத் திக்கென்றது. சரக்கு வாங்கும் பையர் அனுப்பும் விதிகளை நான் தினமும் இப்படிச் சுருக்கித்தான் படிக்கிறேன். ஐரோப்பாவுக்குப் போகும், உடம்பில் படும் தோல் பொருளில், தோலின் உலர் எடையில் கிலோவுக்கு 3 மில்லிகிராம் குரோமியம்-6 என்ற நச்சு ரசாயனம் இருந்தாலே விற்க முடியாது. அதை ஒரு சுருக்கம் 'குறைப்பது நல்லது' என்று சொல்லி, நானும் நம்பினால், சரக்கு முழுக்கத் திரும்பி வரும். மறுநாளிலிருந்து மூலத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டுதான் வேலை செய்கிறேன்.

ஐந்தாவது வாரமும் நன்றாக இருந்தது. 2024 மார்ச்சில் ஐ.நா. பொதுச்சபை நிறைவேற்றிய ஏஐ தீர்மானம், அதே ஆண்டு ஆகஸ்ட் 1-இல் அமலுக்கு வந்த ஐரோப்பிய ஏஐ சட்டம், இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து எது யாரைக் கட்டுப்படுத்தும் என்று பார்த்தோம்.

இரண்டாவது வாரம் பைதான் என்ற கம்ப்யூட்டர் மொழி. பாதிப் பேருக்கு ஏறவில்லை, அதை எடுத்துவிடலாம்.

பெரிய குறை, கையேடு முழுக்க ஆங்கிலம். என் பக்கத்தில் உட்கார்ந்த குடியாத்தம் பெண் தமிழ் மீடியத்தில் படித்தவள். ஓரத்தில் அர்த்தம் எழுதி எழுதியே பாடத்தைத் தவறவிட்டாள். தமிழ்க் கையேடு கேட்டு நான் எழுதிக் கொடுத்திருக்கிறேன். அடுத்து சேர்கிறவர்களும் கேளுங்கள், பென்சிலும் எடுத்துப் போங்கள்.