தூக்கிய ஜிம்னி பாலத்தில் ஆடினால்: காற்றா, கேஸ்டர் புஷ்ஷா, டேம்பரா?

பத்து கவானிலிருந்து பத்து மாவுங் வரை 24 கிலோமீட்டர். பக்கக் காற்று அடிக்கும் நாளில் பினாங்கின் இரண்டாவது பாலத்தில் ரெண்டு இஞ்ச் தூக்கிய ஜிம்னியை (சுசுகியின் சின்ன ஃபோர்வீல் வண்டி) 80-ல் ஓட்டியவர்களுக்குத் தெரியும், கரை சேரும்போது தோள்பட்டை கல்லாகிவிடும். பக்கத்தில் லோரி ஒன்று கடந்தால் போதும், வண்டி ஒரு அடி தள்ளிப் போகும், நாம் திருப்புவோம், அது அந்தப் பக்கம் அதிகமாகப் போகும்.

வண்டியை உயர்த்த லிஃப்ட் போட்ட வாரமே இந்த ஆட்டம் தொடங்கிவிட்டது. கேட்ட ஆளுக்கெல்லாம் ஒரு வைத்தியம். ஸ்டீயரிங் உதறலை அடக்கும் டேம்பர் போடு என்றார் ஒருவர், முன் ஆக்ஸிலைப் பிடிக்கும் ஆர்மில் கேஸ்டர் புஷ் (இடையில் வைக்கும் மெத்தை உருளை) மாற்று என்றார் இன்னொருவர், ஆர்மையே மாற்றிவிடு என்றார் மூன்றாமவர். டயர்க் காற்றைப் பற்றி ஒருவரும் கேட்கவில்லை. பாதிக் கோளாறு அங்கேதான் இருந்தது.

235/75 ஆர்15 டயர் மாட்டியபோது கடைக்காரர் 35 பிஎஸ்ஐ அடித்து அனுப்பியிருக்கிறார். பெரிய டயர், நிறையக் காற்று என்பது அவர் கணக்கு. ஆனால் வண்டியே 1,100 கிலோ சொச்சம்தான். கதவோரத்தில் ஒட்டியிருக்கும் அட்டையில் 180 கிலோபாஸ்கல், அதாவது 26 பிஎஸ்ஐ. இவ்வளவு லேசான வண்டிக்கு 35 அடித்தால் டயர் நடுவில் புடைத்து, ஓரங்கள் தரையைச் சரியாகத் தொடாமல், ரோட்டில் இருக்கும் ஒவ்வொரு கோட்டையும் பள்ளத்தையும் பிடித்துக்கொண்டு அது போகிற பக்கம் நம்மை இழுக்கும். இதற்கு நேர் எதிர்த் தப்பும் நான் செய்திருக்கிறேன். செம்பனைத் தோட்டத்துச் சேற்றுக்காக 18-க்கு இறக்கிவிட்டு, திரும்ப ஏற்ற மறந்து ஹைவே ஏறிவிட்டேன். அப்போது ஆட்டம் வேறு மாதிரி: ஸ்டீயரிங்கைத் திருப்பினால் வண்டி யோசித்துவிட்டுத்தான் திரும்பும். டயர் ஓரம் மடங்கி மடங்கிச் சூடாகும், அது வெறும் தொல்லை இல்லை, ஆபத்து.

பெட்ரோல் நிலையத்துக் காற்று மெஷினையும் நம்பிவிடாதீர்கள். முன்னால் வந்தவர் வைத்த 240 அப்படியே இருக்கும், குழாயை மாட்டினால் அதுபாட்டுக்கு அடித்துவிட்டு டிங் டிங் என்று கூப்பிடும். 240 என்றால் கிட்டத்தட்ட 35 பிஎஸ்ஐ. போதாததற்கு, வீட்டிலிருந்து அரை மணி நேரம் ஓட்டி வந்த டயர் சூடாக இருக்கும், அளவு கூடத்தான் காட்டும், அதைப் பார்த்து இறக்கினால் மறுநாள் காலையில் குறைந்து கிடக்கும். ஒரு சின்ன கேஜ் வாங்கி, காலையில் வண்டி எடுக்கும் முன் பாருங்கள். எவ்வளவு சரி என்று தெரிய சாக்பீஸ் போதும்: டயரின் குறுக்கே ஒரு தடித்த கோடு, நேராகக் கொஞ்ச தூரம் ஓட்டம், இறங்கிப் பார்ப்பது. எனக்கு 35-ல் நடுவில் மட்டும் அழிந்து இரண்டு ஓரமும் வெள்ளையாகவே இருந்தது. 28-ல் ஒரே சீராக அழிந்தது. அதற்குப் பிறகு பாலத்தில் ஆட்டம் பாதி குறைந்தது, செலவு ஒரு சாக்பீஸ்.

மீதிப் பாதிதான் கேஸ்டர். சைக்கிளின் முன் ஃபோர்க் நேர்குத்தாக நிற்காது, மேல்முனை பின்பக்கம் சாய்ந்திருக்கும் இல்லையா, அந்தச் சாய்வுதான். திருப்பிய சக்கரம் தானாக நேருக்கு வருவது அதனால். ஜிம்னியின் முன் ஆக்ஸிலைப் பின்னாலிருந்து இரண்டு ஆர்ம்கள் இறுக்கிப் பிடித்திருக்கின்றன. சேஸியைத் தூக்கினால் ஆர்மின் பின்முனையும் மேலே போகும், கூடவே ஆக்ஸில் முன்பக்கமாக உருளும், சாய்வு குறையும். முச்சந்தியில் திரும்பியதும் பிடியைத் தளர்த்திப் பாருங்கள். ஸ்டீயரிங் சோம்பலாகக் கிடந்தால் கேஸ்டர் போதவில்லை. அலைன்மெண்ட் கடையில் இதைச் சரிசெய்ய முடியாது, இந்த ஆக்ஸிலில் அவர்கள் திருப்பக்கூடியது டோ (சக்கரங்கள் உள்ளேயோ வெளியேயோ பார்க்கும் கோணம்) மட்டும்தான். ஆனால் கேஸ்டர் எண்ணை மெஷின் காட்டும், தாளில் அச்சடித்து வாங்கிக்கொள்ளுங்கள்.

இதற்கு மூன்று வழி. கேஸ்டர் புஷ்ஷில் துளை நடுவில் இல்லாமல் ஓரமாகத் தள்ளி இருக்கும், பழைய ஆர்மிலேயே அழுத்தி ஏற்றிவிடலாம், சில நூறு வெள்ளியோடு முடியும். ரெண்டு இஞ்சுக்கு என் ஓட்டு இதற்குத்தான். திசை மட்டும் முக்கியம். நான் போன முதல் பட்டறையில் தலைகீழாக ஏற்றிவிட்டார்கள், இருந்த கொஞ்சக் கேஸ்டரும் போய், அன்று வீடு வந்து சேர்ந்தது சாமி புண்ணியம். பழைய தாளும் புதுத் தாளும் கையில் இருந்ததால்தான் பொமெனோடு (பட்டறை மெக்கானிக்) சண்டை போட முடிந்தது. இரண்டாவது, ஆர்மின் பின்முனையைக் கீழே இறக்கும் பிராக்கெட். கோணம் அழகாகத் திரும்பும், மேடுபள்ளத்தில் சொகுசாகவும் இருக்கும், ஆனால் தொங்கிக்கொண்டு நிற்பதால் காட்டில் கட்டையிலும் கல்லிலும் முதலில் இடிப்பது அதுதான். மூன்றாவது, வளைவு மாற்றிச் செய்த புது ஆர்ம். ரப்பர் புஷ்ஷோடு வரும், நன்றாக மடங்கும், விலையோ ஆயிரக்கணக்கில். மூன்று இஞ்சுக்கு மேல் போகிறவர்கள் யோசிக்கலாம். ஹைலக்ஸ்காரர்களுக்கு இந்தக் கதையே வேறு, கேம் போல்ட்டைத் திருப்பியே ஓரளவு கேஸ்டர் கூட்டலாம், போதாவிட்டால் மேல் ஆர்ம் மாற்ற வேண்டும்.

சரி, டேம்பர்? "அண்ணே, இதப் போட்டா எல்லாம் நின்னுரும்" என்று அந்தப் பொமென் தம்பி சத்தியம் செய்தார். கல்லில் ஏறும்போது ஸ்டீயரிங் கையை உதறுவதை அது குறைக்கும், அவ்வளவுதான். சக்கரங்களைத் திருப்பும் டை ராட் கம்பியின் முனை லூஸாக இருந்தால் அதை மூடி மறைத்துவிடும், அதனால் கடைசியில்தான் வாங்க வேண்டும். அதற்கு முன் இன்ஜினை ஓடவிட்டு ஒருவர் ஸ்டீயரிங்கை இடமும் வலமும் சின்னதாக அசைக்க, இன்னொருவர் கீழே குனிந்து டை ராட் முனைகளையும் ஆக்ஸிலைப் பக்கவாட்டில் நகராமல் பிடிக்கும் பேன்ஹார்ட் ராட் புஷ்ஷையும் பார்க்கட்டும். ஸ்டீயரிங் அசைந்தும் சக்கரம் அசையாத இடம் கண்ணில் பட்டுவிடும். எனக்கு இடது முனை போயிருந்தது, மாற்றினேன். டேம்பர் வாங்கவே இல்லை.

இப்போது பாலத்தில் ஒரு கையால் ஓட்ட முடிகிறது (ஓட்டுவதில்லை, பக்கத்தில் மனைவி). புதுப் பிரச்சினை ஒன்று: காலையில் தாமான் வாசலில் பம்ப் ஏறும்போது அந்தப் பாலியூரித்தேன் கேஸ்டர் புஷ் கீச்சென்று கத்துகிறது. ஞாயிற்றுக்கிழமை கழற்றி கிரீஸ் வைக்க வேண்டும்.