மூணு லைட்டும் ஒண்ணா எரிஞ்சா: பழைய ஸ்போர்ட்ஸ் காடியோட ஆறு வருஷ அனுபவம்

போன வாரம் ஈப்போ கூட்டாளி ஒருத்தன் போன் பண்ணான். "மச்சான், உன் காடி மாதிரியே ஒண்ணு விலைக்கு வருது, விலை நல்லா எறங்கியிருக்கு, ஆனா மீட்டர்ல மூணு லைட்டு எரியுது, சும்மா சென்சர்தான் மாத்துனா போயிடும்னு ஓனர் சொல்றாரு, எடுக்கலாமாடா?" இந்த "சும்மா சென்சர்தான்"ங்கற பேச்ச நம்பித்தான் நான் ரெண்டு வருஷம் அலைஞ்சேன், 1,800 வெள்ளிக்கு மேல கொட்டுனேன். அதான் முழுசா எழுதுறேன்.

என்னோடது 2005 ஜப்பான் கூபே, 3.5 லிட்டர் வி6, மேனுவல் கியர், பின்னால ரெண்டு டயருதான் இழுக்கும். மத்தது தேடி வர்றவங்களுக்கே தெரியும். நான் இருக்கறது சுங்கை சிப்புட் பக்கம். அம்மா இன்னும் தோட்டத்துலதான், மெயின் ரோட்லேர்ந்து செம்பனைக்குள்ள 3 கிலோமீட்டர் செம்மண் பாட்டை, மழை பேஞ்சா பழ லாரி போன தடத்துல சேறு நிக்கும். வாரா வாரம் அந்த சேத்துல இறங்கித்தான் போகணும், அம்மாவ பாக்காம இருக்க முடியாதுல்ல.

மொத தடவ எரிஞ்சது அப்படி ஒரு மழை நாள்லதான். ஏபிஎஸ் (ஓங்கி பிரேக் மிதிச்சாலும் சக்கரம் லாக் ஆகி சறுக்காம பாத்துக்கறது) மஞ்சள், சறுக்கற காடி படம் போட்ட மஞ்சள், கூடவே செவப்பு பிரேக் லைட்டு. செவப்ப பாத்ததும் பயந்துட்டேன், ஹேண்ட்பிரேக் எறங்கித்தான் இருந்துச்சு, பானட்ட தொறந்து பாத்தா பிரேக் எண்ணெயும் மேல் கோடு வரைக்கும் இருக்கு. அப்புறம்தான் புரிஞ்சுது, முன் பின் சக்கரத்துக்கு பிரேக் அழுத்தத்த பங்கு போடற ஈபிடியும் ஏபிஎஸ் கூடதான் ஓடுது, அது படுத்தா இதுவும் படுக்கும், ஓங்கி மிதிச்சா பின் சக்கரம் மொதல்ல லாக் ஆகலாம்னு சொல்லத்தான் அந்த செவப்பு. செவப்பு மட்டும் தனியா எரிஞ்சா எண்ணெயையும் ஹேண்ட்பிரேக்கையும் பாருங்க. மூணும் சேந்து எரிஞ்சா அனேகமா சக்கர சென்சர் பக்கம்தான். எரியறதோட பெடலும் பஞ்சு மாதிரி எறங்குச்சுனா ஓட்டவே ஓட்டாதீங்க, இழுத்துட்டுப் போங்க.

ஆன்லைன்ல வாங்குன 60 வெள்ளி ஸ்கேனர் (காடி கம்ப்யூட்டர்ல பதிவான கோளாறு கோட படிக்கற கருவி) எஞ்சின் கோடு மட்டும்தான் படிச்சுது, ஏபிஎஸ்ஸுக்குள்ள போகவே இல்ல. சி-ல ஆரம்பிக்கற கோடு படிக்கற ஸ்கேனர் வேணும். அத வச்சிருந்த ஒரு வொர்க்‌ஷாப்ல போட்டுப் பாத்து, பின் வலது சக்கரம்னு சொல்லி 380 வெள்ளிக்கு சென்சர் மாத்துனாங்க. 2 வாரம். திரும்ப எரிஞ்சுது. அடுத்து ஏபிஎஸ் பம்ப் போயிடுச்சுனு சொல்லி ஹாஃப்கட்லேர்ந்து (பாதியா வெட்டி எறக்குமதி பண்ற பழைய காடி) ஒண்ணு, வேலையோட 1,200. பம்ப மாத்துனா உள்ள நிக்கற காத்த எடுக்கணும், அதுக்கு ஸ்கேனர்லேர்ந்து பம்ப ஓட விட்டு எண்ணெய் தள்ளணும், அத செய்யாமலே சாவிய கையில குடுத்துட்டாங்க. வெளிய வந்து மொத சிக்னல்ல பெடல் பாதி ஆழம் போச்சு, முன்னால மோட்டார் சைக்கிள்ல ஒரு அப்பாவும் புள்ளையும். அத நெனச்சா இப்பவும் எனக்கு கோவம் வருது. காசு போனது வேற, அது வேற.

அந்த ரெண்டு வருஷமும் ஒண்ணு மட்டும் மாறல. லைட்டு எரியாத நாள்லகூட, மெதுவா வந்து நிக்கப் போற கடைசி நொடியில கால்ல டுர்ருனு ஒரு ஒதறல், காடி ஒரு முழம் தள்ளித்தான் நிக்கும். ரெண்டு கடையிலயும் சொன்னேன், பழைய காடி அப்படித்தான்னாங்க.

கடைசியில கண்டுபிடிச்சது தோட்டத்து டிராக்டர பாத்துக்கிட்டிருந்த ஒரு வயசான போமன் (மெக்கானிக்) அண்ணன். அவரு ஸ்கேனர தொடவே இல்ல. அந்த ஒதறல மட்டும் ரெண்டு தடவ கேட்டாரு. "தம்பி, கோடு எந்த சக்கரம்னு மட்டுந்தான் சொல்லும், என்ன கேடுனு நாமதான் பாக்கணும்"னு சொல்லிட்டு காடிய ஜாக்கி போட்டு தூக்கி, டார்ச் அடிச்சு சக்கரத்த கையால மெதுவா சுத்துனாரு. சென்சருக்கு எதிர்ல பல்லு பல்லா ஒரு ரிங் சுத்தும், சென்சர் அந்தப் பல்ல எண்ணித்தான் வேகத்த சொல்லுது. முக்கா சுத்துல நிறுத்தி என் வெரல புடிச்சு அதுமேல வச்சாரு. ரெண்டு பல்லுக்கு நடுவுல நகம் உள்ள எறங்கற அளவுக்கு வெடிப்பு. ரிங்குக்கு அடியில செம்மண் நெறத்துல துரு தடிச்சு உள்ளேர்ந்து அத பொளந்திருக்கு. ஒரு எடத்துல மட்டும் இடைவெளி கூடவும், மெதுவா போறப்ப சக்கரம் லாக் ஆயிடுச்சுனு ஏபிஎஸ் நெனச்சு அந்தப் பக்க பிரேக்க விட்டுடுது, அதான் ஒதறல், அதான் தள்ளிப் போய் நிக்கறது. ரிங் 90 வெள்ளி, வேலையோட 250. அன்னிக்கு அணைஞ்ச லைட்டு, 14 மாசம் ஆச்சு, எரியல.

காடி எப்படினு கேட்டா, சிம்பாங் பூலாய்லேர்ந்து கேமரன் மலை கம்போங் ராஜாவுக்கு ஏறற ரோட்ல விடியக்காலையில மூணாவது கியர்ல இது ஏறற சத்தத்துக்கு ஈடா நான் இன்னும் எதையும் ஓட்டல. எறங்கறப்ப பிரேக் அப்படி புடிக்குது. டாட் 4 எண்ணெய 2 வருஷத்துக்கு ஒரு தடவ மாத்துங்க, ஈரம் ஏறுனா 230 டிகிரியில கொதிக்க வேண்டியது 155லயே கொதிச்சிடும். நான் விக்க மாட்டேன்.

ஆனா கூட்டாளிகிட்ட வேணாம்னுதான் சொன்னேன். மனசு கேக்கலன்னா போய் இத மட்டும் பாரு மச்சான். சாவிய ஆன் பண்ணதும் எல்லா லைட்டும் எரிஞ்சு காட்டணும், ஓனர் இப்ப எரியலன்னு சொன்னாலும் ஏபிஎஸ் லைட்டு அந்த மொத மூணு வினாடிகூட எரியலைனா பல்ப கழட்டியிருக்கலாம். அப்புறம் ஆள் இல்லாத பாட்டையில 20 கிலோமீட்டர் வேகத்துல போய் மெதுவா நிறுத்து, நாலஞ்சு தடவ நிறுத்து. கடைசி நொடியில கால்ல டுர்ருனு வந்துச்சுனா சாவிய ஓனர் கையிலயே குடுத்துட்டு வந்துடு.