கேரவன் ஒழுகலுக்கு பியூட்டைல் டேப்: எங்கே நிற்கும், எங்கே நிற்காது

ஷூட்டிங்குக்குப் போகிற கேரவனோ, வேன் வாங்கி உள்ளே படுக்கை, சிங்க், பாத்ரூம் வைத்து மாற்றியதோ, ஐப்பசி அடைமழை பிடித்தால் ஒழுகுகிற இடங்கள் ஏறக்குறைய ஒன்றுதான்: ஜன்னல் ஃப்ரேம், கூரை ஓரம், கூரையில் துளைபோட்டு மாட்டிய எதுவும். இதற்குப் பெரும்பாலும் நடக்கிற வைத்தியம், ஒரு ட்யூப் சிலிகானை வாங்கி வெளியே சுற்றிலும் இழுத்துவிடுவது. அந்த மழைக்குத் தாங்கும். அடுத்த கத்திரி வெயிலில் ஓரம் தூக்கிக்கொள்ளும். அந்த இடத்துக்கு உரிய சாமான் பியூட்டைல் டேப். விலைக்கு நல்ல பொருள், ஆனால் எல்லா இடத்துக்கும் அல்ல.

பார்க்க ஒன்றும் விசேஷமில்லை. கறுப்பு அல்லது சாம்பல் நிறச் சுருள், ஒரு பக்கம் உரித்தெடுக்கிற காகிதம், தொட்டால் மென்றுபோட்ட சூயிங்கம் மாதிரி விரலோடு வரும். கனம் 1 முதல் 3 மி.மீ. வரை. ஜன்னல், கூரை விசிறி, ஏணிக் கால் போன்றவற்றுக்கு 2 மி.மீ. கனம், 20 முதல் 25 மி.மீ. அகலம் போதும். இதன் குணமே காயாமல் இருப்பதுதான். வண்டிக் கூரை ஒரு நாளில் எவ்வளவு நகர்கிறது என்று கணக்குப் போட்டால் அதன் அருமை தெரியும். 6 மீட்டர் நீள அலுமினியத் தகடு, விடியற்காலை 25 டிகிரியிலிருந்து உச்சிவெயிலில் 65 டிகிரிக்குச் சூடானால் சுமார் 5.5 மி.மீ. நீளும். அதன் கீழே இருக்கும் இரும்புச் சட்டம் அதே சூட்டில் 3 மி.மீ.கூட நீளாது. தினமும் அந்த இரண்டரை மி.மீ. இழுபறிக்கு ஈடுகொடுக்கிற பொருள்தான் இணைப்பில் நிற்கும். கல்லாக இறுகிப்போகிறது எதுவானாலும் விரிசல் விடும்.

வாங்கும்போது பேரைச் சரியாகச் சொல்ல வேண்டும். சென்னைப் பாரிமுனை ஹார்டுவேர் கடைகளில் பொத்தாம் பொதுவாக "வாட்டர்ப்ரூஃப் டேப்" என்று கேட்டால், முதுகில் அலுமினியத் தாள் ஒட்டியதை எடுத்துப் போடுவார்கள். அது வேறு சாமான், அதைப் பற்றிப் பிறகு. "ரெண்டு பக்கமும் ஒட்டுற பியூட்டைல், தாள் இல்லாததுண்ணா" என்று கேளுங்கள். கையில் வாங்கியதும் ஒரு அங்குலம் கிள்ளி இழுத்துப் பாருங்கள். நல்ல பியூட்டைல் நூல் நூலாக நீளும். பொட்டென்று அறுந்தால், அல்லது காகிதத்தில் எண்ணெய்க் கறை படிந்திருந்தால், அது எண்ணெயில் பிசைந்த புட்டி டேப். நாளாக ஆக எண்ணெய் வற்றி பொரபொரவென்று உதிரும். விலை பாதி என்றாலும் வேண்டாம்.

டேப்பை எடுத்துக்கொண்டு ஏணி ஏறும் முன், ஒழுகுவது மழைத்தண்ணீர்தானா என்று தீர்மானிக்க வேண்டும். பாதிப் பணம் வீணாவது இங்கேதான். மழையே இல்லாத நாளில் ஏசி ஓடும்போது சொட்டினால், கூரையைத் தொடாதீர்கள். வடிகுழாயில் பாசி அடைத்திருக்கும், இல்லை வண்டி நிற்கிற சாய்வில் குழாய் மேல்நோக்கிப் போயிருக்கும். ஏசியும் ஓடாமல் தரை ஈரமானால் எல்லாக் குழாயையும் மூடிவிட்டு 12 வோல்ட் பம்ப்பை மட்டும் ஆன் செய்து வையுங்கள். யாரும் தண்ணீர் திறக்காமலே சில நிமிடத்துக்கு ஒருமுறை பம்ப் 'டர்' என்று ஓடி நின்றால், அழுத்தம் எங்கோ இறங்குகிறது. ஒவ்வொரு இணைப்பிலும் டிஷ்யூ பேப்பரைச் சுற்றி வைத்தால் நனைவது காட்டிக்கொடுக்கும். எதுவும் நனையாமல் பம்ப் மட்டும் ஓடினால், பம்ப்புக்குள் இருக்கும் வால்வு தண்ணீரைத் திருப்பி டேங்க்குக்கு விடுகிறது. சிங்க், ஷவர் கழிவுக் குழாய்க்கு அழுத்தம் கிடையாது, அதனால் பம்ப் சொல்லாது. ஒரு வாளித் தண்ணீரில் கொஞ்சம் கேசரிப் பவுடர் கலந்து ஊற்றினால் தரையில் ஆரஞ்சுக் கறை வழி சொல்லும்.

இதெல்லாம் இல்லை, மழைதான் என்றால், சொட்டுகிற இடத்துக்கு நேர் மேலே ஓட்டை தேடாதீர்கள். முன்பக்க மார்க்கர் லைட்டில் புகுந்த தண்ணீர் கூரைச் சட்டத்தின் பள்ளத்தில் ஓடி நடு வண்டியில் சொட்டும். மூக்கு தாழ்ந்து நிற்கிற வண்டி என்றால் பின் ஏணியில் புகுந்தது முன் சீட்டில் இறங்கும். முதலில் வண்டியைச் சமமான இடத்தில் நிறுத்துங்கள். தோட்டத்துக் குழாயை மெதுவாகத் திறந்து, கீழிருந்து மேலே போக வேண்டும்: முதலில் ஜன்னலின் கீழ் ஓரம், பிறகு பக்கவாட்டு, பிறகு மேல் ஓரம், கடைசியில் கூரை. ஒரு இடத்துக்கு 10 முதல் 15 நிமிடம். உள்ளே ஒரு ஆள் டார்ச்சோடு உட்கார்ந்திருக்க வேண்டும். மேலிருந்து ஆரம்பித்தால் எல்லாம் ஒரே நேரத்தில் நனைந்து, எது புகுந்தது என்று தெரியாது. வாட்டர் சர்வீஸ் கன் கூடவே கூடாது. அந்த அழுத்தம் நல்ல சீலையும் தாண்டி உள்ளே தள்ளிவிடும், இல்லாத ஒழுகலைத் தேடி அலைவீர்கள்.

இன்னொரு சோதனையும் உண்டு. ஏசி வென்ட், கழிவுக் குழாய் எல்லாம் அடைத்துவிட்டு, ஒரு ப்ளோயரால் உள்ளே லேசாகக் காற்றை நிரப்பி, வெளியே சோப்புத் தண்ணீர் பூசுவது. ஓட்டை இருக்கும் இடத்தில் நுரை கொப்பளிக்கும். கூரை ரிவெட்டுகளுக்கு இதைவிட நல்ல வழி இல்லை. சாதா பாப் ரிவெட்டின் நடுவில் கம்பி உடைந்துபோன துவாரம் இருக்கிறது. அது வழியாகவே தண்ணீர் இறங்கும். புதிதாக அடிப்பதானால் முனை மூடிய ரிவெட் கேளுங்கள்.

இப்போது ஜன்னல். டேப்பின் அருமை இங்கேதான். ஃப்ரேமை முழுசாகக் கழற்ற வேண்டும், வெளியே மேலோட்டமாகப் பூசி ஏமாறக் கூடாது. பழைய சிலிகானை பிளாஸ்டிக் சுரண்டியால் எடுத்து, மிச்சப் படலத்தை சிலிகான் ரிமூவரால் கழுவி, கடைசியாக ஐசோப்ரொப்பைல் ஆல்கஹாலில் நனைத்த வெள்ளைத் துணியால் துடைக்க வேண்டும். துணியில் அழுக்கு வராத வரை துடையுங்கள். சிலிகான் படலம் கண்ணுக்குத் தெரியாது. தண்ணீர் தெளித்துப் பாருங்கள்: முத்து முத்தாக உருண்டால் இன்னும் இருக்கிறது, பரவினால் போய்விட்டது. நன்றாகக் காயவிட்டு, டேப்பை ஃப்ரேமின் உள் விளிம்பில் ஒட்டுங்கள். மூலையில் வளைக்கும்போது இழுக்கக் கூடாது, இழுத்தால் அங்கே மெலிந்துவிடும். தொடக்கமும் முடிவும் ஜன்னலின் கீழ் ஓரத்தில் சந்தித்து, ஒரு அங்குலம் ஒன்றன்மேல் ஒன்று ஏற வேண்டும். 90க்கு 50 செ.மீ. ஜன்னலுக்கு 2.8 மீட்டர் பிடிக்கும். 10 மீட்டர் சுருளில் மூன்று ஜன்னல் வரும்.

திருகுகளை ஒரேயடியாக முறுக்காமல், எதிரெதிராகக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்குங்கள். ஓரத்தில் சுற்றிலும் ஒரே அளவுக்குக் கறுப்புக் கோடு பிதுங்கினால் சரி. பிதுங்காத இடம்தான் நாளைக்கு ஒழுகப் போகிற இடம். உடனே வெட்டிவிடாதீர்கள். இரண்டு மூன்று நாள் வெயிலில் நிறுத்தினால் டேப் இளகி இன்னும் பிதுங்கும், திருகும் தளரும். மறுபடி கால் சுற்று இறுக்கிவிட்டு, பிறகு பிளாஸ்டிக் கத்தியால் சீவுங்கள். மிச்சப் பிசுக்கு டர்பன்டைனில் போகும். திருவொற்றியூர், எண்ணூர் கடலோரச் சாலையில் நிற்கிற வண்டிக்கு சாதா இரும்புத் திருகு ஆகாது. உப்புக் காற்றில் துருப்பிடித்துப் போகும். 316 ரக எஸ்எஸ் (துருப்பிடிக்காத எஃகு) போடுங்கள்.

ஒரு எச்சரிக்கை: ஜன்னலின் அடி ஃப்ரேமில் சின்னச் சின்ன வடிதுளை இருக்கும். கண்ணாடி ஓரத்தில் புகுகிற தண்ணீர் வெளியே போவதற்கென்றே வைத்தது. "ஓட்டையா இருக்கே" என்று அதையும் அடைத்து வைத்திருக்கிற வண்டிகள் ஏராளம். அடைத்தால் தண்ணீர் நிரம்பி உள்பக்கம் வழியும். குண்டூசியால் குத்தித் திறந்துவிட்டாலே சில ஜன்னல்களில் வேலை முடிந்துவிடும்.

டேப் தோற்கிற இடம், நேர் வெயில் படுகிற திறந்த மேற்பரப்பு. காயாத பொருள் என்பதால் மணலி லாரித் தூசி எல்லாம் அதில் ஒட்டிக் கறுத்துப் போகும். டீசலோ தின்னரோ பட்டால் கரையும். எனவே கூரை ஓர இணைப்பின் மேலே ஓடவிட பியூ (PU) சீலன்ட் வேண்டும், இது பியூட்டைல் அல்ல. சிகாஃப்ளெக்ஸ் 221 போன்ற பாலியூரித்தேன் வகைகள். கார் கண்ணாடி மாற்றுகிறவர்கள் கையாளும் பசைக்குச் சொந்தம். 6 மி.மீ. அகலமும் 6 மி.மீ. கனமும் உள்ள கோட்டுக்கு 600 மில்லி பாக்கெட் ஒன்று சுமார் 16 மீட்டர் வரும். 6க்கு 2 மீட்டர் கூரையின் சுற்றளவும் 16தான். அதனால் இரண்டாக வாங்குங்கள். பாக்கெட்டுக்கு மூடிய பீப்பாய் வகை கன் வேண்டும், சாதா ட்யூப் கன் பொருந்தாது.

பியூ காற்றின் ஈரத்தைக் குடித்துத்தான் இறுகும். ஒரு நாளைக்கு 3 மி.மீ. ஆழம் என்பது உத்தேசக் கணக்கு. ஈரம் துடைக்காத தகட்டில் பூசினால் கார்பன் டை ஆக்சைடு கிளம்பி உள்ளே குமிழி விழும், அந்தக் குமிழியே பிறகு ஓட்டை. இறுகும் வரை ஆல்கஹாலை அதன் அருகில் கொண்டுபோகக் கூடாது, பட்டால் பிசுபிசுப்பாகவே நின்றுவிடும். பெயின்ட் அடிக்காமல் விட்டால் வெயிலில் மேல் தோல் சுண்ணாம்பு பூத்து வெடிக்கும். கடையில் தயாரிப்புத் தேதி பார்க்காமல் வாங்காதீர்கள்; அமுக்கிப் பார்த்துக் கட்டியாக இருந்தால் திருப்பிக் கொடுங்கள்.

மற்றவை சுருக்கமாக. புளிக்காடி நெடி அடிக்கிற சிலிகான் உலோகத்தை அரிக்கும், அதன்மேல் பெயின்டும் ஒட்டாது, வேறு சீலன்ட்டும் ஒட்டாது. பாத்ரூம் டைல்ஸோடு நிறுத்திக்கொள்ளுங்கள். எம்-சீல் போன்ற எபாக்ஸி புட்டி கல்லாக இறுகும், குலுங்குகிற கூரை இணைப்பில் விரிசல் விடும். அசையாத குழாய் மூட்டுக்கு நல்லது. அலுமினிய முதுகு டேப் நடு வழியில் மழை பிடித்தால் உயிர் காக்கும், ஆனால் ஓரத்தில் தூக்கிய பிறகு அடியில் தண்ணீரைத் தேக்கி வைத்துக்கொள்ளும்.

கூரையே ஃபைபர், அதில் விரிசல் என்றால் டேப்பும் பியூவும் வேண்டாம். காசிமேட்டில் படகுக்குப் போடுகிற அதே பாலியெஸ்டர் ரெசினும் கண்ணாடி நார் மேட்டும்தான் மருந்து. ஒரு சாண் விரிசலுக்கு, சுற்றிலும் தேய்த்து, அசிட்டோனில் துடைத்து, சதுர மீட்டருக்கு 450 கிராம் ரக மேட் 30 செ.மீ. சதுரத்தில் இரண்டு அடுக்கு. ரெசின் 200 கிராம். நம் ஊர் வெயிலுக்கு ஹார்டனர் 1 சதவீதம், அதாவது 2 கிராம் போதும். ரெசினை வேகமாக இறுகவைக்கிற கோபால்ட் ஏற்கெனவே கலந்ததாக வாங்குங்கள். தனித்தனியாக வாங்கினால் ஹார்டனரையும் கோபால்ட்டையும் நேராக ஒன்றாகக் கலக்கவே கூடாது, வெடிக்கும்.

ஒழுகல் நின்றதும் உள்பலகையை உடனே மூடிவிடத் தோன்றும். ஊசி வைத்த ஈரமானி ஒன்றை ப்ளைவுட்டில் குத்திப் பாருங்கள். 20 சதவீதத்துக்கு மேல் காட்டினால் இன்னும் நனைந்திருக்கிறது. 15க்குக் கீழே இறங்கும் வரை ஃபேன் போட்டுத் திறந்தே விடுங்கள்.