உறைந்த இறால் பாக்கெட்: படத்தைப் பார்க்காதீர்கள், பின்பக்கத்தைப் படியுங்கள்

தோலுரித்து, குடல் நீக்கி, உறைய வைத்து, ஜிப் வைத்த பையில் விற்கிறார்களே, அந்த இறாலைப் பற்றித்தான் இங்கே எழுதுகிறேன். வேலை முடிந்து களைத்து வந்த நாளில் ஒரே சட்டியில் சமைத்து, அரை மணி நேரத்துக்குள் எல்லாரையும் சாப்பிட உட்கார வைக்க வேண்டும். அதற்காக மட்டுமே இதை வாங்குகிறேன். ஞாயிற்றுக்கிழமை நிதானமாகச் சமைப்பதற்கு என்றால் என் பதில் வேறாக இருக்கும்.

தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: வாங்கலாம். ஃப்ரீசரில் ஒரு பை எப்போதும் இருக்கட்டும். உறைந்த கோழியை மாலையில் வெளியே எடுத்து அன்றிரவே சாப்பிடுவது பெரும்பாடு. இறால் கால் மணி நேரத்தில் இளகி, சில நிமிடங்களில் வெந்துவிடும். ஆனால் எல்லாப் பையும் ஒன்றல்ல. ஒரு பையில் வருவது பொன்னிறமாக வதங்கிய இறால். இன்னொன்றில் வருவது வெள்ளைத் தண்ணீரில் மிதக்கும் ரப்பர். இரண்டுக்கும் முன்பக்கத்தில் ஒரே மாதிரி படம்தான் போட்டிருக்கிறது.

பின்பக்கத்தில் பொருள்பட்டியல் என்று சின்ன எழுத்தில் இருக்கும். "இறால், உப்பு" என்று மட்டும் இருந்தால் கண்ணை மூடிக்கொண்டு கூடையில் போடுங்கள். "இறால், தண்ணீர், உப்பு, சோடியம் ட்ரைபாலிபாஸ்பேட்" என்று நீண்டால் யோசியுங்கள். சில பைகளில் பெயருக்குப் பதில் 451, 452 என்று எண் மட்டும் இருக்கும், அதுவும் பாஸ்பேட்தான். இது விஷமில்லை, அளவோடு சேர்க்க அனுமதி உள்ள பொருள்தான். ஆனால் அதன் வேலையே இறாலின் சதைக்குள் தண்ணீரைப் பிடித்து வைப்பது. அதனால் இறால் பருத்து, கண்ணாடி போல மினுமினுக்கும், எடையும் கூடும். அந்தக் கூடுதல் எடைக்கும் காசு நம்முடையதுதான். சிறுநீரகக் கோளாறால் பாஸ்பரஸைக் குறைக்கச் சொல்லியிருப்பவர்கள் வீட்டில் இருந்தால் இந்த வரியைக் கட்டாயம் பார்க்க வேண்டும்.

சோடியம் மெட்டாபைசல்பைட், அதாவது 223, என்று இன்னொன்றும் வரலாம். இறால் பிடித்த பிறகு அதன் ஓட்டில் நொதிகளால் கரும்புள்ளி விழும். அதைத் தடுக்கத்தான் இது. சுவையில் எனக்கு வித்தியாசம் தெரிந்ததில்லை. ஆஸ்துமா உள்ளவர்களில் சிலருக்கு சல்பைட் ஒத்துக்கொள்ளாது, அவர்கள் மட்டும் கவனித்தால் போதும்.

பாஸ்பேட் போட்ட இறாலை ஒரே சட்டிச் சமையலில் போட்டால் என்ன ஆகும் என்பதைச் சொல்ல வேண்டும், ஏனென்றால் என் குறையே அங்கேதான். எண்ணெய் நன்றாகக் காய்ந்திருக்கும், இறாலைப் போட்டதும் 'சொய்ங்' என்று சத்தம் வரும். அரை நிமிடம் கூட ஆகாது, சத்தம் அடங்கி 'களக் களக்' என்று கொதிக்கிற சத்தமாக மாறிவிடும். குனிந்து பார்த்தால் ஓரங்களில் பால் கலந்தது போல நுரை ஒதுங்கியிருக்கும். அப்புறம் அங்கே நடப்பது வதக்கல் இல்லை, வேகவைத்தல். தண்ணீர் இருக்கும்வரை சட்டியின் சூடு 100 டிகிரியைத் தாண்டாது. பொன்னிறமாக முறுக 140 டிகிரிக்குப் பக்கமாவது போக வேண்டும். தண்ணீர் வற்றட்டும் என்று காத்திருந்தால் அதற்குள் இறால் வெந்து, சுருண்டு, கடினமாகிவிடும். தனிக் குழம்பாக வைத்தால் இந்தத் தண்ணீர் அதில் மறைந்துவிடும். சோறோ நூடுல்ஸோ அதே சட்டியில் கிளறப் போகிறோம் என்றால் எல்லாம் குழைந்து போகும்.

இறாலின் மேல் கண்ணாடி போல ஒரு பனிப்படலம் இருக்கும். அது ஏமாற்று இல்லை. ஃப்ரீசரின் வறண்ட குளிரில் சதை காய்ந்து வெள்ளை வெள்ளையாகத் திட்டு விழாமல் காப்பதற்காகத் தண்ணீரில் முக்கி எடுக்கிறார்கள். உறைந்த இறாலுக்கான கோடெக்ஸ் (சர்வதேச உணவுத் தர விதிகள்) தரநிலைப்படி, பையில் போடும் நிகர எடையில் இந்தப் படலத்தின் எடையைச் சேர்க்கக் கூடாது. சமையலறைத் தராசு வைத்திருப்பவர்கள் படலத்தைக் கழுவி, வடித்து, நிறுத்துப் பாருங்கள். நான் வாங்கிய ஒரு பையில் அச்சிட்ட எடைக்கும் தராசு காட்டிய எடைக்கும் கணிசமாக இடித்தது. அந்தப் பையை நான் மறுபடி வாங்கவில்லை.

கடையில் பையைக் கையில் எடுத்ததும் குலுக்குங்கள். ஒவ்வோர் இறாலும் தனித்தனியாக உறைந்திருந்தால் கூழாங்கல் போலக் கலகலவென்று சத்தம் கேட்கும். ஐ.க்யூ.எஃப் என்று சில பைகளில் போட்டிருப்பது இதைத்தான். சத்தமே இல்லாமல் மொத்தமும் ஒரே கட்டியாக ஒட்டியிருந்தால், வழியில் எங்கேயோ இளகி மறுபடி உறைந்திருக்கிறது என்று சந்தேகப்படலாம். பைக்குள் உதிரிப் பனி நிறையக் கிடந்தாலும் அதே சந்தேகம்தான். வாரநாளுக்கு இன்னொரு வசதியும் உண்டு: தனித்தனியாக உறைந்திருந்தால் அன்றைக்கு எத்தனை பேரோ அத்தனைக்கு மட்டும் எடுத்துக்கொண்டு மீதியை அப்படியே உள்ளே வைத்துவிடலாம்.

முன்பக்கத்தில் 31/40, 16/20 என்று எண் போட்டிருப்பார்கள். ஒரு பவுண்டுக்கு, அதாவது 454 கிராமுக்கு, இத்தனை இறால் என்று அர்த்தம். எண் சின்னதானால் இறால் பெரியது. 31/40 என்றால் ஓர் இறால் 11 கிராமிலிருந்து 15 கிராம்வரை இருக்கும். ஒரே சட்டிச் சாப்பாட்டுக்கு எனக்கு இதுதான் சரி. 16/20 பார்க்க அழகு. ஆனால் வெளியே வதங்கியும் நடுவில் வேகாமலும் நிற்கும், கூடவே நின்று பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். 71/90 சின்னப் பொடி, திருப்பிப் போடுவதற்குள் வெந்து முடிந்துவிடும். எங்கள் வீட்டில் வேறு ஒரு கணக்கும் உண்டு. "அக்காவுக்கு ஒன்பது, எனக்கு மட்டும் எட்டா?" என்று சின்னவள் தட்டை எண்ணிப் பார்ப்பாள். ஒரு பவுண்டுக்கு எத்தனை வரும் என்று பையிலேயே எழுதியிருப்பதால் பஞ்சாயத்து சீக்கிரம் தீர்ந்துவிடும்.

வெந்த இறால், வேகாத இறால் என்று இரண்டும் விற்கிறார்கள், பக்கத்துப் பக்கத்திலேயே. இளஞ்சிவப்பாக இருப்பது பெரும்பாலும் ஏற்கெனவே வெந்தது. சாலட்டுக்கு அருமை. சட்டிக்கு வேண்டாம்; இரண்டாம் முறை சூடு பட்டால் மெல்லவே முடியாது. சாம்பல் நிறத்தில் இருப்பதை எடுங்கள். இறாலின் நிறம் மாறுவதற்குக் காரணம் அஸ்டாசாந்தின் என்ற நிறமி. வேகாமல் இருக்கும்போது ஒரு புரதம் அதைப் பொத்தி வைத்திருக்கும். சூட்டில் அந்தப் புரதம் குலைந்ததும் சிவப்பு வெளியே தெரியும். வெந்ததா இல்லையா என்று காட்ட இயற்கையே ஒரு விளக்கு வைத்திருக்கிறது.

"குடல் நீக்கியது" என்பதை முழுதாக நம்ப வேண்டாம். முதுகில் கீறியிருப்பார்கள், ஆனால் கறுப்புக் கோடு சிலவற்றில் அப்படியே இருக்கும். பல் குத்தும் குச்சியை நுழைத்து இழுத்தால் வந்துவிடும். வயிற்றுப் பக்கம் தெரிகிற மெல்லிய கோடு நரம்பு, அதை விட்டுவிடலாம். வால் நுனியை எதற்கு விட்டு வைக்கிறார்கள் என்றுதான் எனக்குப் புரியவில்லை. பிடித்துச் சாப்பிட வசதி என்கிறார்கள். சோற்றோடு கிளறிய பிறகு எதைப் பிடிப்பது? வால் இல்லாத பை கிடைத்தால் அதையே எடுங்கள். இல்லையென்றால் இளகிய பிறகு வாலின் அடியை அழுத்தி இழுங்கள், உள்ளே இருக்கிற சதையும் சேதமாகாமல் வரும்.

நான் சமைக்கிற விதம் இது. வீட்டுக்குள் நுழைந்ததும் கைகால் கழுவும் முன்பே அரைக் கிலோ இறாலைக் குளிர்ந்த தண்ணீரில் போட்டுவிடுவேன். வெந்நீர் கூடவே கூடாது; மேல்பக்கம் கொழகொழத்துப் போகும், நடுவில் பனி அப்படியே இருக்கும். நடுவில் ஒருமுறை தண்ணீரை மாற்றினால் கால் மணிக்குள் இளகிவிடும். அந்த நேரத்தில் பூண்டும் குடைமிளகாயும் நறுக்கி முடித்துவிடலாம். அப்புறம் வடித்து, துணியில் பரப்பி, மேலே இன்னொரு துணியை வைத்து அழுத்துவேன். இந்த ஒரு நிமிட வேலையைச் சோம்பலில் விட்டுவிடாதீர்கள். ஒட்டியிருக்கிற ஈரம் போனால்தான் சட்டியில் நிறம் வரும். துணி எவ்வளவு நனைகிறது என்று பாருங்கள், அந்தப் பையின் யோக்கியதை அங்கேயே தெரிந்துவிடும்.

பாஸ்பேட் போடாத இறாலில் அரைத் தேக்கரண்டி உப்பும் கால் தேக்கரண்டி சமையல் சோடாவும் பிசறிப் பத்து, பதினைந்து நிமிடம் வைத்தால் கடிக்கும்போது நல்ல 'நறுக்' கிடைக்கும். சோடாவின் காரத்தன்மை செய்கிற வேலை அது. கம்பெனிக்காரர் பாஸ்பேட் போட்டுச் செய்வதில் பாதியை நாம் ஒரு சிட்டிகையில் செய்துவிடுகிறோம், தண்ணீருக்குக் காசு கொடுக்காமல். அவசர நாளில் இதை விட்டுவிட்டாலும் குடி முழுகாது.

அடி தட்டையான அகலச் சட்டி வேண்டும், 28 சென்டிமீட்டராவது. குழிந்த சட்டியில் இறால் ஒன்றன்மேல் ஒன்று ஏறி நின்று தண்ணீர் விடும். எண்ணெய் நன்றாகக் காய்ந்ததும் ஒரே அடுக்காகப் பரப்புங்கள், இடம் போதாவிட்டால் இரண்டு தடவையாக. போட்டதும் கிளறாதீர்கள். ஒரு நிமிடம் விட்டுத் திருப்பிப் போட்டு, அடுத்த பக்கம் முக்கால் நிமிடம். நடுவில் லேசாகக் கண்ணாடி நிறம் மிச்சமிருக்கும்போதே தட்டுக்கு மாற்றிவிடுங்கள். மீதி வேக்காடு பின்னால் முடியும். இறால் ஆங்கில 'சி' எழுத்து போல வளைந்திருந்தால் சரி, வாலும் தலைப்பக்கமும் முட்டி வட்டமாகிவிட்டால் அதிகம் வெந்துவிட்டது.

அதே சட்டியில், கழுவாமல், இன்னும் கொஞ்சம் எண்ணெய் விட்டுக் குடைமிளகாயை வதக்குங்கள். அது பாதி வதங்கியதும் பூண்டு, மிளகாய்த்தூள். அடியில் பழுப்பாக ஒட்டிப் பிடித்திருப்பதுதான் இன்றைய ருசி. ஒரு கை தண்ணீர் தெளித்து மரக்கரண்டியால் சுரண்டினால் எல்லாம் கரைந்து வரும். ஆறிய சோறோ வேகவைத்த நூடுல்ஸோ அதில் போட்டுச் சூடேறும்வரை பிரட்டுங்கள். கடைசியாக இறாலையும் தட்டில் வடிந்திருக்கிற சாற்றையும் சேர்த்து, ஒரு நிமிடம் நன்றாகச் சூடாகி நடுச்சதை முழுக்க வெளுக்கும்வரை கிளறி, அடுப்பை அணைத்துவிட்டு எலுமிச்சை பிழியுங்கள். கழுவ ஒரு சட்டி, ஒரு தட்டு, ஒரு பலகை, கத்தி.

ஒரு எச்சரிக்கை. ஒரே சட்டி என்பதால் அதில் உள்ள சோறு, காய் எல்லாவற்றிலும் இறால் பட்டிருக்கும். இறால் ஒவ்வாமைக்குக் காரணமான புரதம் சூட்டில் அழிவதில்லை. அப்படி யாராவது சாப்பிட வந்தால் இறாலை மட்டும் ஒதுக்கி வைத்துப் பரிமாறுவது பாதுகாப்பில்லை, அவர்களுக்கு வேறு சட்டியில் வேறு சாப்பாடு செய்யுங்கள்.

தோலோடு உறைய வைத்த இறாலையும் வாங்கிப் பார்த்தேன். ருசியில் அது ஒரு படி மேல்தான், ஓட்டைக் கொதிக்க வைத்து வடித்தால் நல்ல சாறும் கிடைக்கும். ஆனால் அரைக் கிலோவுக்கு ஓடு உரிக்கிற நேரத்தில் நான் சமைத்து, சாப்பிட்டு, பாத்திரமும் கழுவிவிடுவேன். விடுமுறை நாளுக்கு அதை வைத்துக்கொள்ளுங்கள்.

ஐந்துக்கு நான்கு நட்சத்திரம் தருகிறேன், "இறால், உப்பு" என்று மட்டும் எழுதியிருக்கிற பைக்கு. பாஸ்பேட் பைக்கு இரண்டு, அதுவும் குழம்புக்கு. ஒரு நட்சத்திரத்தை எதற்குப் பிடித்தேன் என்றால், அந்த ஜிப்புக்கு. நான் வாங்கிய எந்தப் பையிலும் அது இரண்டாம் முறை ஒழுங்காக மூடியதில்லை. பள்ளத்தில் பனி புகுந்துவிடுகிறது, அழுத்தினால் ஒரு பக்கம் மூடி மறுபக்கம் திறக்கிறது. துணி கிளிப் போட்டு, இன்னொரு பைக்குள் போட்டு வைக்கிறேன்.